ஐம்பதில் ஒன்று

ஜூன் 2, 1997, திங்கள்

காலை ஒன்பதரை மணிக்குச் சுகிர்தாவை மிதவை விமானத்தில் ஏற்றிவிட்டேன். இனி ஆகஸ்ட் பதினாறு வரைக்கும் அவளுக்கு வில்லோ ஆற்று முகாம்தான். ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன்களை எண்ணி அரசாங்கத்துக்குச் சொல்வது அவள் உத்தியோகம். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவள் அலாஸ்காவில் மீன் எண்ணுகிறாள். அவளைக் கட்டிய நான் இந்தக் கெல்ப் குடா ஊரின் ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணுகிறேன். எண்ணுவதற்கென்றே கர்த்தர் எங்களைச் சேர்த்து வைத்தார் போலிருக்கிறது.

மீன் இருக்கும் இடத்தில் கரடி இருக்கும். அதற்காக அவள் இடுப்பில் நாற்பத்து நான்கு மக்னம் ரிவால்வர். உருளையில் ஆறு தோட்டா, பெல்ட்டில் ஆறு. எல்லாம் என் கையால் செய்தவை. சனிக்கிழமை ஐம்பது செய்தேன். பன்னிரண்டு போனதுபோக டப்பாவில் முப்பத்தெட்டு இருக்கிறது.

படகுத்துறையில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமையிலிருந்தே பேச்சு குறைவுதான். ஏறுவதற்கு முன்னால், "குக்கர எடுத்துச் சோறு பொங்குங்க. ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்காதிய," என்றாள். நான் விமானத்தின் மிதவையைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். பைலட் வாலஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜூன் 3

மழை. ரொட்டி, டின் மீன்.

ஜூன் 7, சனி

ஒரு ஆளுக்குக் குக்கர் வைப்பது வீண் வேலை. அரிசி களைய வேண்டும், விசில் எண்ண வேண்டும், பிறகு கழுவ வேண்டும். குக்கர் மேல்தட்டில் மூடியோடு அப்படியே இருக்கட்டும். ரொட்டி நல்ல ஆகாரம். வெள்ளைக்காரன் அதைத் தின்றுதான் ஆறடி வளர்கிறான்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் நர்ஸ், கடையில் விற்கும் தோட்டாவை விட்டுவிட்டு வீட்டில் ஏன் செய்கிறாய் என்று கேட்டாள். கரடிக்கென்று விற்கும் தோட்டா ஆறடி ஆளின் கைக்காகச் செய்தது. சுகிர்தா ஐந்தடி ஒரு அங்குலம். முதல் வருடம் கடைத் தோட்டாவைச் சுட்டுவிட்டு மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

விஷயம் பெரிதொன்றும் இல்லை. சுட்டு முடித்த பித்தளைக் குப்பியைச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில், அடிபட்டதும் தீப்பொறி கக்கும் புதிய பொறிமூடி பொருத்த வேண்டும். உள்ளே வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை இறுக்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லைக்குள் மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு குளிர்காலம் நான் அளந்து தருவேன், அவள் ஊருக்கு வெளியே ஜல்லிப் பள்ளத்தில் சுட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கொறைங்க," என்பாள். ஒருநாள் ஆறும் சுட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தாள். அந்த அளவை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் நர்ஸிடம் சொல்ல முடியுமா? விலை மலிவு என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 11

அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. மடித்து உள்ளே வைத்தேன். சாயங்காலம் மறுபடி எடுத்து நாற்காலியிலேயே போட்டுவிட்டேன். அலமாரியில் இடம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாமான் கொண்டுபோகும் விமானத்துக்கு இன்று இரண்டு நடை. முகாமிலிருந்து பேசும் கருவி பழுதாகிவிட்டதாம், உதிரிப்பாகம் ஆங்கரேஜிலிருந்து வரவேண்டுமாம். அவர்களிடம் இப்போது இருப்பது கேட்பதற்கு ஒரு டிரான்சிஸ்டர் மட்டும். முதல் நடை முடிந்து வந்த வாலஸ் அவளுடைய சீட்டைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். வெங்காயம், பேட்டரி, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. அடியில் தமிழில் ஒரே ஒரு வரி.

"குக்கர் வாஷர் சரியா இருக்கா?"

பதினான்கு நாள் கழித்து எழுதுகிறாள். எப்படி இருக்கிறீர்கள் என்று இல்லை, தூக்கம் வருகிறதா என்று இல்லை. குக்கர் வாஷர்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் கேட்ட சாமானை ஏற்றிக்கொண்டு வாலஸ் இரண்டாவது நடைக்குக் கிளம்ப அவசரப்பட்டதால் அவருடைய பேனாவையே வாங்கி, "வாஷர் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். குக்கரை எடுத்தே பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. தினமும் மணக்க மணக்கப் பொங்கித் தின்கிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 17

காலுறையோடு அந்த வாசனைச் சோப்பையும் வைத்து அனுப்பியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஐம்பதும் செய்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தோட்டா அறைக்குள் நான் போகவில்லை. இன்று மத்தியானம் மேசையைத் துடைக்கலாமே என்று போனேன். நோட்டு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு தரம் செய்யும்போதும் ஒரு பக்கம். குப்பி, பொறிமூடி, மருந்து, குண்டு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு டிக். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு வரி உண்டு: "டார்ச்". ஐம்பது குப்பிக்கும் மருந்து போட்டு மரச்சட்டத்தில் நிறுத்தி வைத்தபிறகு, டார்ச் அடித்து ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பார்க்க வேண்டும். எதிலாவது மருந்து விழாமல் போயிருந்தால் அப்போதுதான் தெரியும். ஆறு வருடமாக ஒருமுறைகூட நான் அதைத் தவறவிட்டதில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதிப் பக்கத்தில் டார்ச்சுக்கு நேரே டிக் இல்லை.

எழுத மறந்திருப்பேன் என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மருந்து டப்பா அன்றைக்குத்தான் திறந்தது. திறந்ததும் எடை போட்டுக் குறிப்பது வழக்கம். மறுபடி தராசில் வைத்தேன். மூன்று தரம் வைத்தேன். நாற்பத்தொன்பது தோட்டாவுக்கு உரிய மருந்துதான் குறைந்திருக்கிறது. ஐம்பதில் ஒன்று காலி.

காலித் தோட்டாவைச் சுட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொறிமூடியின் வேகம் மட்டும் குண்டைக் கொஞ்ச தூரம் தள்ளும். குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். 'டுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிரே கரடி வருகிறது என்றால் யார் அந்தச் சத்தத்தைக் கவனிப்பார்கள்? மறுபடி விசையை இழுப்பார்கள். அடுத்த குண்டு போக வழியில்லாமல் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றும் எனக்குத் தெரியும். நான் மருந்து போடும்போது வீடு பற்றி எரிந்தாலும் என்னிடம் பேசக்கூடாது என்பது சட்டம். அவள் அதை மீறவில்லை. வாசலில் நின்றாள், அவ்வளவுதான். மூன்றாவது வரிசைக் குப்பிகளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த நான்தான், அளவைக் கருவியின் கைப்பிடியை விடாமலே, "என்ன, சொல்லு," என்றேன்.

"ஆபீஸ்ல கேட்டாவ. இன்னும் மூணு வருசம் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

அக்டோபரில் பாளையங்கோட்டைக்கே திரும்புவதாகப் பேச்சு. வேலையை விடுவதாக ஆஸ்பத்திரியில் நான் சொல்லியும் ஆகிவிட்டது. நான் ஏதோ சொன்னேன். அவள் போய்விட்டாள். நான் உட்கார்ந்து குண்டுகளை இறுக்கினேன்.

ஜூன் 21, சனி

முப்பத்தெட்டையும் உடைத்தேன்.

அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று விழும். எடை போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். குப்பிகள் நாலு கம்பெனிச் சரக்கு, ஒன்றுக்கொன்று கனம் மாறுகிறது, நம்ப முடியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து அடித்தேன். ஒவ்வொன்றிலும் மருந்து கொட்டக் கொட்ட அடுத்ததை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் யாருடைய மருந்துக்காகவும் நான் இப்படி ஜெபம் பண்ணியதில்லை. காலியாக ஒன்று வரட்டும் ஆண்டவரே, ஒன்றே ஒன்று.

முப்பத்தெட்டிலும் மருந்து இருந்தது.

மேல்தட்டில் போன வருடத்துத் தோட்டா டப்பாவும் இருக்கிறது. அதைக் கொடுத்தனுப்பியிருந்தால் இந்தப் பாடு இல்லை. அவளுக்குப் புதியது வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வாலஸ் வீட்டுக்குப் போய், நாளைக்கே முகாமுக்குப் பறக்க முடியுமா, என்ன கூலி ஆனாலும் சரி என்று கேட்டேன். அவர் என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிவந்து விரலை நீட்டினார். துறைமுகத்தின் மறுகரையே தெரியவில்லை, அத்தனை மூடுபனி. "இதுல பறந்தா நான் உன் பெண்டாட்டிகிட்ட போகமாட்டேன், கர்த்தர்கிட்டதான் போவேன்," என்றார்.

முகாமில் அவளோடு கேரன் என்ற பெண் இருக்கிறாள். கேரனிடம் நீளத் துப்பாக்கி உண்டு. எப்போதும் சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்பது விதி. சுகிர்தா எத்தனை விதியை மதிப்பவள் என்று எனக்கல்லவா தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் ஊர் ரேடியோவில் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்குச் செய்தி நேரம் உண்டு. போன் இல்லாத முகாம்களிலும் படகுகளிலும் இருப்பவர்களுக்குக் குடும்பத்தார் எழுதிக் கொடுப்பதை டோரிஸ் வாசிப்பாள். பேரன் பிறந்தான், நாய் கிடைத்துவிட்டது, வரும்போது வலை கொண்டுவா. ஊரே அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடும்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதியாக வேண்டும். வெள்ளிக்கிழமை நான் தராசை இறக்கி வைத்தபோது மணி நாலேகால். ஆறு மணிக்குள் ரேடியோ நிலையத்துக்கு நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. முப்பத்தெட்டையும் உடைத்தால் காலி கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மருந்தை அளந்து கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் மருந்தே போடாமல் மூடினான் என்று ஊர் கேட்க வேண்டுமா என்று நினைத்தேன். அந்த நினைப்பில் அவளுக்கு நாலு நாள் போய்விட்டது. என் மானத்துக்கு அவள் கையைப் பணயம் வைத்திருக்கிறேன்.

இன்று ஐந்து மணிக்கே போனேன். ஆங்கிலத்தில் எழுதினேன்: "வில்லோ ஆற்று முகாமில் சுகிர்தாவுக்கு. இந்த வருடத்துத் தோட்டாவைச் சுடாதே. ஒன்றில் மருந்து இல்லை. தவறு என்னுடையது. கேரனின் துப்பாக்கியை மட்டும் நம்பு. ஞானசிகாமணி." அதற்குக் கீழே தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதினேன். டோரிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இத எப்படிப் படிக்கணும்? சொல்லிக் கொடு, படிச்சிடுறேன்," என்றாள். நல்ல மனுஷி. நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். டோரிஸ் நிதானமாக, தெளிவாக, இரண்டு தரம் வாசித்தாள். சுகிர்தாவுக்குக் கேட்டிருக்குமா? பேட்டரி கேட்டிருந்தாளே, பதினாறாம் தேதி அனுப்பியதைப் போட்டிருப்பாளா?

ஜூன் 25, புதன்

கேட்காதவர்கள் யாரும் இல்லை. பிளட் பிரஷர் மாத்திரை வாங்க வந்த மீன் வியாபாரி என் கண்ணெதிரே புட்டியைத் திறந்து கவுண்டரில் கொட்டி முப்பதையும் எண்ணினார். பிறகு, "தப்பா நினைக்காத," என்றார். தப்பாக நினைக்க எனக்கு என்ன யோக்கியதை? அவர் எண்ணும்போது நானும் கூடவே எண்ணினேன்.

ஜூன் 27, வெள்ளி

பனி விலகவில்லை. ஆற்றில் மீன் ஏறத் தொடங்கிவிட்டதாம், வில்லோ பக்கம் தாய்க் கரடிகள் குட்டியோடு இறங்கியிருக்கின்றன என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். காதில் விழாத தூரத்துக்கு நடந்துவிட்டேன்.

சுகி, உன்னைத் தேடுகிறது. சாதாரணமாகத் தேடவில்லை, பல் வலிக்கிற மாதிரி ஓயாமல் தேடுகிறது. நீ குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் வீடெல்லாம் சொட்டச் சொட்ட நடப்பாயே, அதற்காக எத்தனை தரம் கத்தியிருக்கிறேன். இப்போது தரை காய்ந்து கிடக்கிறது.

அன்றைக்கு நான் சொன்னதை எழுதிவிடுகிறேன். "நீ அந்த மீனையே கட்டிக்கிட்டுக் கெட. திரும்பி வரலன்னாலும் எனக்கு ஒரு கொறையும் இல்ல." வாசலில் நின்றவளிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, காலிக் குப்பியில் குண்டை வைத்து இறுக்கி, டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அடித்த வரி, நான் சொன்னது பொய் என்பதுதான்.

ஜூன் 30, திங்கள்

பனி விலகியது. வாலஸ் பத்து மணிக்குப் போனார். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுத் துறையிலேயே நின்றேன். இரண்டு மணிக்கு விமானச் சத்தம் கேட்டது. அவர் இறங்குவதற்கு முன்னாலேயே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் கயிறு கட்டும் முளையில் உட்கார்ந்துவிட்டேன்.

சீட்டு கொடுத்தார். இந்தத் தடவை முழுப் பக்கம். அப்படியே எழுதுகிறேன்.

"ரேடியோவுல கேட்டேன். கேரன் சிரிச்சிட்டா, எனக்குச் சிரிப்பு வரல. இந்த வருசத்துத் தோட்டா எங்கிட்ட இல்லவே இல்ல. போன வருசத்துத் தோட்டாவத்தான் கொண்டாந்திருக்கேன். அது தெரியாமத்தான நீங்க ஊரறியச் சொல்லியிருக்கிய? அப்ப குக்கர நீங்க தொறக்கவே இல்ல. வாஷர் நல்லாயிருக்குன்னு எழுதுனதப் பாத்து, நான் எழுதி வச்சதப் படிச்சிட்டிய, படிச்ச பெறவும் உங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டேன். ரெண்டு வாரமா அந்த நெனப்போடதான் மீன் எண்ணுதேன். இருபத்தெட்டு நாளா என்னத்தத் தின்னிய? போய்க் குக்கரத் தொறங்க."

வீட்டுக்கு ஓடினேன். நாற்பத்தேழு வயதில் எது ஓட்டமோ அதை ஓடினேன். மேல்தட்டிலிருந்து குக்கரை இறக்கினேன். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தால், அவளுடைய பழைய தலைத்துண்டில் சுற்றி, பன்னிரண்டு தோட்டா. மேலே நாலாக மடித்த காகிதம். தேதி ஜூன் 1.

"நேத்து டார்ச் அடிக்கல நீங்க. ஹால்ல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன், வெளிச்சம் வரல. கையோட சொல்லியிருந்தா சண்டைக்குச் சொல்லுதான்னு நெனப்பிய. அதான் இங்க வச்சிருக்கேன். ஒருவேளையாவது சோறு பொங்கத்தான செய்விய, அப்பப் பாப்பிய. டப்பாவுல மிச்சத்தையும் ஒருதரம் பாத்திருங்க. நீங்க சொன்னத நெசமாத்தான் சொன்னியளா? நெசம்னா ஒண்ணும் எழுத வேண்டாம், எனக்கு வெளங்கிரும். இல்லன்னா வாலஸ்கிட்ட ஒரு வரி குடுத்து விடுங்க."

ஒரு வரிதான் கொடுத்தனுப்பினேன். வாஷர் நன்றாக இருக்கிறது என்று.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் பன்னிரண்டையும் உடைத்தேன். ஒன்பதாவதைக் கட்டையில் அடித்தபோது குண்டு மட்டும் விழுந்தது. குப்பிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை, வெறும் பித்தளை பளபளத்தது. மற்ற மூன்றையும் விடாமல் உடைத்தேன். நோட்டில் மே முப்பத்தொன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்து, டார்ச்சுக்கு நேரே டிக் போடாமல், "இல்லை" என்று எழுதினேன்.

மத்தியானம் அரிசி களைந்து குக்கரை வைத்தேன். விசில் வரவில்லை. சுற்றிலும் உஸ் உஸ்ஸென்று ஆவி போகிறது, தண்ணீர் வழிந்து அடுப்பு அணைகிறது. இறக்கிப் பார்த்தால், வாஷர் காய்ந்து மூன்று இடத்தில் கீறியிருக்கிறது. சோறு பாதி அரிசியாகவே இருந்தது. உப்பைப் போட்டு அதையே தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

முகாம் கருவிக்கு உதிரிப்பாகம் வந்துவிட்டதாம், வாலஸ் நாளைக் காலை மறுபடி போகிறார். மூன்று மணிக்கே அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சீட்டைக் கொடுத்துவிட்டேன். எழுதியது இவ்வளவுதான்.

"சுகி, முந்தி எழுதினது பொய். வாஷர் நல்லா இல்ல. நானும் நல்லா இல்ல. மூணு வருசத்தப் பத்தி நீ வந்தபிறகு உக்காந்து சண்டை போடுவோம். வந்துரு."